விதைக்காத செண்டுடுக்: பின்கட்டில் 18 மாதம்

போன வியாழக்கிழமை காலை ஏழரை மணிக்குச் சமையலறைச் சன்னலைத் திறந்தேன். வேலியோரம் செண்டுடுக் என்ற காட்டுச்செடியில் ஊதாப் பூ ஒன்று விரிந்திருந்தது. ஐந்து இதழ், உள்ளங்கையில் பாதி அகலம். அதை நான் விதைக்கவில்லை, நடவில்லை, ஒரு குவளை தண்ணீர்கூட ஊற்றவில்லை. ஆனால் அந்தப் பூவைப் பார்க்க எனக்கு 18 மாதமும் 238 வெள்ளி (மலேசிய ரிங்கிட்) 50 காசும் ஆகியிருக்கிறது. அதில் 129 வெள்ளி சுத்தத் தண்டம். நல்லபடியாக நடந்ததைச் சொல்ல இரண்டு பத்தி போதும். தண்டம் போனது எப்படி என்பதுதான் பெரிய கதை.

இடத்தைச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் பேரா மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் ஒரு தாமான் (குடியிருப்பு), அதில் மூலை வீடு. வீடுகள் வருவதற்கு முன் இதெல்லாம் கித்தா (ரப்பர்) காடு. சமையலறைச் சுவருக்கும் பின் சந்து வேலிக்கும் நடுவே 18 அடி நீளம், 7 அடி அகலத்தில் ஒரு துண்டு நிலம். வீடு கட்டியவர்கள் எங்கிருந்தோ லோரியில் கொண்டுவந்து கொட்டிய செம்மண், அதன்மேல் கௌ கிராஸ் என்று இங்கே சொல்லும் அகல இலைப் புல். ஒரு முனையில் துணி காயப்போடும் கம்பி, இன்னொரு முனையில் ஒரு கிழட்டு மாமரம். மாதாமாதம் ஒருவர் வந்து புல் வெட்டிவிட்டுப் போவார். அவ்வளவுதான் தோட்டம்.

புல்லை எடுத்துவிட்டுக் காட்டுப்பூ வளர்க்கலாம் என்ற யோசனை எனக்கு வந்தது போன வருடம் பிப்ரவரியில். சின்ன வயதில் கித்தா தோட்டத்தில், தொழிலாளர் குடியிருந்த லயத்துக்குப் பின்னால் செண்டுடுக் பழம் பிடுங்கித் தின்று, நாக்கு கறுத்துப்போய், அதை நீட்டி நீட்டி ஒருவரை ஒருவர் பயமுறுத்துவோம். அந்தச் செடியின் அறிவியல் பெயரில் உள்ள மெலாஸ்டோமா என்ற சொல்லுக்குக் கிரேக்கத்தில் கறுத்த வாய் என்று பொருளாம். பெயர் வைத்தவருக்கும் அந்த விளையாட்டு தெரிந்திருக்கிறது. அதுவும் அதன் கூட்டாளிகளும் என் பின்கட்டில் இருந்தால் போதும் என்று நினைத்தேன்.

அம்மா எங்களோடுதான் இருக்கிறார். திட்டத்தைச் சொன்னதும் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "முப்பது வருஷம் இதுங்கள கொல்றதுக்குத்தான்டா எனக்குச் சம்பளம் குடுத்தாங்க. நீ காசு குடுத்து வளக்கப் போறியா?"

அம்மாவுக்குத் தோட்டத்தில் களைக்கு மருந்தடிக்கும் வேலை. காலையில் பெரட்டு (ஆளெண்ணிக்கை) முடிந்ததும் முதுகில் 18 லிட்டர் பம்பு ஏறும், வரிசை வரிசையாகப் போய் அடிக்க வேண்டும். கித்தாவில் தொடங்கி, அப்புறம் செம்பனையிலும் (எண்ணெய்ப் பனை) அதே வேலை. அப்போது அடித்தது பெரும்பாலும் பாராகுவாட். அந்த மருந்தை மலேசியா 2020 ஜனவரி 1 முதல் தடைசெய்துவிட்டது. அம்மா அதற்கு முன்பே வேலையை விட்டுவிட்டார். வலது கையில் இரண்டு நகம் இன்னும் நேராக வளர்வதில்லை.

சரி, வேலைக்கு வருகிறேன்.

முதல் செலவு புல்லை எடுப்பது. மம்பட்டியால் நானே செய்யலாம் என்று ஒரு சனிக்கிழமை இறங்கி, மூன்று அடி எடுத்ததும் இடுப்பு பிடித்துக்கொண்டது. மீதியை ஓர் ஆளை வைத்து எடுத்தேன், 80 வெள்ளி. இரண்டு அங்குல ஆழத்துக்கு வேரோடு சுருட்டி எடுத்தார். இது தண்டம் இல்லை. திரும்பச் செய்தாலும் இதைச் செய்வேன்.

தண்டம் அடுத்த வாரமே ஆரம்பித்தது. காட்டுப்பூ விதைக் கலவை என்று ஆன்லைனில் மூன்று பாக்கெட் வாங்கினேன், 27 வெள்ளி. பாக்கெட்டின் மேல் படத்தைப் பார்த்தபோதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். பின்னால் பனிமலை, முன்னால் சிவப்பு பாப்பிப் பூக்கள். பனிமலைப் பூ பேராவில் எப்படி வரும்? மார்ச்சில் தூவினேன். முளைத்தன, அதைச் சொல்ல வேண்டும். வெளுத்த நூல்போல இரண்டு அங்குலம் எழுந்து, ஏப்ரல் மழை இறங்கியதும் அடித்தண்டு அழுகி ஒரே வாரத்தில் படுத்துவிட்டன.

இந்த ஊர் மண்ணுக்கு இந்த ஊர்ச் செடிதான் என்று அப்போது புரிந்தது. ஆனால் அரைகுறையாகத்தான் புரிந்தது. மே மாதம் பழைய தோட்டத்து எல்லையோரச் சாலைக்குப் போய், முழங்கால் உயரத்தில் மூன்று செண்டுடுக் செடிகளைத் தோண்டிக் கொண்டுவந்தேன். வேர்மண் உடையாமல் கோணியில் கட்டி, காரின் பின்னால் வைத்து, பிள்ளையைக் கொண்டுவருவதுபோல மெதுவாக ஓட்டிவந்து நட்டேன். நான்காம் நாள் இலை சுருண்டது. ஏழாம் நாள் பழுப்பு. பதினோராம் நாள் சுள்ளி. அந்தச் செடி வெட்டினால் தாங்கும், மிதித்தால் தாங்கும், வளர்ந்த பிறகு இடம் மாற்றினால் தாங்காது. இதற்குக் காசு போகவில்லை. ஆனால் சாலையோரத்தில் நன்றாக இருந்த மூன்று செடிகளை நான் கொன்றேன் என்பது உறுத்தல்தான்.

"நான் பம்பு போட்டுக் கொன்னேன். நீ காரு போட்டுக் கொல்ற" என்றார் அம்மா.

மண்ணில் சத்து இல்லை, அதனால்தான் பிழைக்கவில்லை என்று நானாக முடிவு செய்தது அடுத்த தவறு. 15 வெள்ளிக்கு மண்ணின் அமிலம் பார்க்கும் குச்சி ஒன்று வாங்கினேன். செம்மண்ணில் குத்தினால் 6 காட்டியது. சந்தேகப்பட்டு ஒரு குவளைப் புளித்தண்ணீரில் விட்டுப் பார்த்தேன், அதற்கும் 6. குச்சி இப்போது தக்காளிச் செடிக்கு ஊன்றுகோலாக இருக்கிறது. ஆனாலும் அடங்காமல் மூன்று மூட்டைக் கோழி எரு வாங்கிப் பரப்பினேன். மூட்டை 9 வெள்ளி, ஆக 27.

நடந்தது என்ன என்றால், ஜூன் மாதம் முடிவதற்குள் 18 அடிக்கு 7 அடியும் இஸ்ரேல் புல்லாகிவிட்டது. தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்கு அந்தப் பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கும். மலாயில் ரும்புட் இஸ்ரேல். பெயரில்தான் புல், உண்மையில் அது புல் இல்லை. ஆப்பிரிக்காவிலிருந்து வந்த அசிஸ்டேசியா என்ற செடி. வெள்ளைப் பூ, கீழ் இதழில் ஊதாப் பொட்டு. பார்க்க அழகாகத்தான் இருக்கும். காய் முற்றினால் பட்டென்று வெடித்து விதையைத் தூர வீசும். மத்தியான வெயிலில் பின்கட்டில் நின்றால் அந்தச் சத்தம் கேட்கிறது, சின்னச் சின்னச் சொடுக்குப் போடுவதுபோல. செம்பனைக்குப் போகிற உரத்தை உறிஞ்சித் தின்று கொழுப்பதால் அதற்குத் தோட்டத்தில் அத்தனை கெட்ட பெயர். நான் எரு போட்டு விருந்து வைத்திருக்கிறேன்.

செண்டுடுக்கோ இதற்கு நேர்மாறு. சத்துக் குறைந்த, அமிலம் கூடிய மண்ணில்தான் அது ராஜா. மற்றச் செடிகளுக்கு விஷமாகும் அலுமினியத்தை உறிஞ்சி இலையில் சேர்த்து வைத்துக்கொள்ளும் செடி. அதற்கு எரு போடுவது எதிரிக்குச் சோறு போடுவதற்குச் சமம். ஜூலை முழுக்க மாலை நேரங்களில் இஸ்ரேல் புல் பிடுங்கினேன்.

அப்புறம் வந்தது எல்லாவற்றையும்விடப் பெரிய முட்டாள்தனம். நான் இன்னும் ரசித்துச் சொல்லும் முட்டாள்தனமும் அதுதான். புல் திரும்ப வராமல் இருக்க மண்ணை மூட வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். மூடுவதற்கு இங்கே என்ன மலிவு? செம்பனை வெறுங்குலை. ஆலையில் பழத்தை உதிர்த்த பிறகு மிஞ்சும் முள்ளு முள்ளான குலை. சொந்தக்காரப் பையன் ஒருவன் மூலம் குலை சும்மாவே கிடைத்தது, லோரிக்கு 60 வெள்ளி. ஆகஸ்ட் முதல் வாரம் பரப்பினோம். நான்கு அங்குலக் கனம். மாமரப் பக்கம் தொடங்கி 14 அடி வரை வந்தது, துணிக்கம்பிப் பக்கம் 4 அடிக்குக் குலை போதவில்லை. இன்னொரு லோரிக்குக் காசு கொடுக்க மனம் வரவில்லை. அந்த 4 அடி வெறும் செம்மண்ணாகவே கிடந்தது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வாரத்தில் குலைக்கு மேல் ஏதோ முட்டை முட்டையாக எழுந்தது. அம்மாவைக் கூப்பிட்டேன். குனிந்து பார்த்தவர் ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்ச் சட்டியோடு வந்தார். குலாட் சாவிட்! செம்பனைக் குலையில் வரும் காளான். தலை விரிவதற்கு முன், முட்டையாக இருக்கும்போதே எடுக்க வேண்டும். நான்கு காலையில் சேர்த்து ஒன்றே முக்கால் கிலோ எடுத்தோம். காய்ந்த மிளகாய், கறிவேப்பிலை, மஞ்சள் போட்டுப் பிரட்டல். பூ இல்லை, ஆனால் செப்டம்பர் மாதம் வீட்டில் யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. (காளான் விஷயத்தில் நான் அம்மாவின் கண்ணை நம்புகிறேன். அப்படி ஒரு கண் வீட்டில் இல்லாதவர்கள் தானாக வந்த காளானைத் தின்ன வேண்டாம்.)

காளான் நின்றதும் குலையைப் புரட்டினேன். உள்ளே கட்டைவிரல் கனத்தில், வெள்ளையாக, சுருண்டு படுத்திருந்தன புழுக்கள். காண்டாமிருக வண்டின் புழு. அழுகும் குலைதான் அது வளரும் தொட்டில், வண்டாகிப் பறந்தால் போய்த் துளைப்பது தென்னையையும் செம்பனையையும். பக்கத்து வீட்டில் இரண்டு தென்னை நிற்கிறது. அந்த வீட்டு மலாய்க்காரப் பெரியவர் ஏற்கெனவே என் பின்கட்டைப் பார்த்து, பாம்பு வரும், கொசு வரும் என்று நயமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரே ஞாயிற்றுக்கிழமையில் குலை மொத்தத்தையும் 14 மூட்டையில் கட்டி வெளியேற்றினேன். அவரும் வந்து கை கொடுத்தார். புழுக்கள் அவர் வீட்டுக் கோழிகளுக்குப் போயின.

அன்று மாலை களைத்துப்போய்த் துணிக்கம்பிக்குக் கீழே உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன். குலை போதாமல் விட்ட அந்த 4 அடிச் செம்மண் முழுக்கப் பச்சை.

அக்டோபர் மழை தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஓர் அடிக்கு ஓர் அடி நூல் கட்டி எண்ணினேன், 61 நாற்று. பெரும்பாலும் இரண்டிலைப் பருவம், எனக்கு எல்லாம் ஒன்றுபோல் தெரிந்தன. கைப்பேசிச் செயலியில் படம் எடுத்துக் காட்டினால் அது ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு பெயர் சொன்னது.

அம்மா முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "இது கானாவாழ. இது முயல்செவி. இது பூவாங்குறுந்தல். இது பற்படாகம், காய்ச்சலுக்குப் போடுறது. இது ஒன்னோட இஸ்ரேல், புடுங்கு. இது தொட்டாவாடி, முள்ளு வர்றதுக்குள்ள புடுங்கு."

எப்படித் தெரியும் என்றேன். கேள்வியே அவருக்கு விசித்திரமாக இருந்தது. "சின்னதா இருக்கறப்பவே அடிச்சாத்தான் மருந்து கம்மியாப் போகும். வேல வாங்குற தண்டல் மேல இருந்து பாப்பாரு. எது என்னன்னு தெரியாம எப்படி அடிக்கறது?"

எது எந்த உயரத்தில் எந்த முகத்தோடு வரும் என்று முப்பது வருடம் குனிந்து பார்த்த கண். எனக்கு வேண்டிய கருவி முதல் நாளிலிருந்தே வீட்டுக்குள் தொலைக்காட்சி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்திருக்கிறது. நான் 15 வெள்ளிக்குக் குச்சி வாங்கியிருக்கிறேன்.

அதற்குப் பிறகு செலவு ஐந்தரை வெள்ளிதான். இரண்டு வெள்ளிக்கு, கறி குத்திச் சுடும் சாத்தே குச்சி ஒரு கட்டு, மூன்றரைக்கு ராஃபியா கயிறு மூன்று நிறத்தில். சிவப்பு கட்டினால் பிடுங்க வேண்டியது, வெள்ளை கட்டினால் விட வேண்டியது, மஞ்சள் கட்டினால் இன்னும் பார்க்கலாம். அம்மா சொல்ல நான் குச்சி நட்டேன். பிடுங்கும் வேலை மழை விட்ட மாலையில்தான். செடியை மண்மட்டத்தில் பிடித்து அரைச் சுற்றுத் திருகி இழுத்தால் வேரோடு வரும், பக்கத்து நாற்று அசையாது. தொட்டாவாடிக்கு மட்டும் பழைய ஸ்குரு டிரைவர்.

எதைப் பிடுங்குவது என்பதில் வீட்டில் ஒரு வழக்கே நடந்தது. இந்த மண்ணுக்கே உரியதை மட்டும் வைப்போம், வெளியிலிருந்து வந்ததை எடுப்போம் என்றேன் நான். தொட்டாவாடி அமெரிக்கா, கீழாநெல்லி அமெரிக்கா, அம்மான் பச்சரிசி அமெரிக்கா என்று படித்ததை ஒப்பித்தேன். கேட்டுக்கொண்டிருந்த எதிர் வீட்டு அண்ணன் சிரித்தார். "கித்தா எங்கேருந்து வந்துச்சு? பிரேசிலு. 1877ல கோலகங்சார்ல கொண்டாந்து வச்சான். செம்பன ஆப்பிரிக்கா. நாட்டோட பூவுன்னு வச்சிருக்கமே செம்பருத்தி, அதுவே வெளிய இருந்து வந்ததுதான். கித்தா பின்னாடியே நாம வந்தோம். அப்ப நம்மளயும் புடுங்கிறலாமா?"

எனக்குப் பதில் வரவில்லை. அம்மாதான், தலை நிமிராமல், "நாம பக்கத்து ஆளு மேல ஏறிப் படுத்துக்கிட்டா வளர்றோம்?" என்றார்.

அதையே விதியாக வைத்துக்கொண்டேன். பக்கத்துச் செடியின் மேல் ஏறி மூடுவதெல்லாம் போகும்: இஸ்ரேல் புல், மிக்கானியா கொடி, தொட்டாவாடி. மூடாமல் ஓரமாக இருப்பது எந்த ஊரானாலும் இருக்கலாம். அதனால் கீழாநெல்லி பிழைத்தது.

டிசம்பரில் பூக்கள் ஆரம்பித்தன. சிறிய பூக்கள், முழங்கால் போட்டால்தான் தெரியும். பற்படாகத்தில் ஊசிமுனை வெள்ளை. பூவாங்குறுந்தலில் வெளிர் ஊதா. முயல்செவியில் சவரத் தூரிகை மாதிரி இளஞ்சிவப்பு. கானாவாழையின் நீலம் காலை பதினொன்று வரைதான், அப்புறம் இதழ் தானே கரைந்து ஒரு சொட்டு மையாகிவிடும். விரலால் தொட்டால் ஈரம்தான் ஒட்டும். ஞாயிற்றுக்கிழமை பன்னிரண்டு மணிக்கு எழுகிற என் மகன் அந்தப் பூவை மூன்று மாதம் பார்க்கவே இல்லை.

செண்டுடுக்குக்கு வருகிறேன். அந்த 4 அடியில் 23 நாற்றுக்கு வெள்ளைக் கயிறு கட்டியிருந்தேன். இவற்றை மட்டும் நான் அம்மாவிடம் கேட்கவில்லை. இலையில் நீளவாக்கில் வளைந்து ஓடும் நரம்பைப் பார்த்ததும், சின்ன வயதிலிருந்து தெரிந்த செடி, இதற்கு எதற்குக் கேட்பது என்று ஒரு திமிர். செயலியும் செண்டுடுக் என்றே சொன்னது. ஜனவரியில் அவற்றில் சில பூத்தன. வெள்ளைப் பூ, சுண்டுவிரல் நகத்தளவு.

பக்கத்து வீட்டுப் பெரியவர்தான் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, அது செண்டுடுக் புலு என்றார். புலு என்றால் மலாயில் மயிர். கிளிடெமியா என்ற தென் அமெரிக்கச் செடி, செண்டுடுக்கின் அதே குடும்பம், காட்டோரங்களில் புகுந்து மற்றதை வளரவிடாமல் செய்வது. அம்மா வந்து இரண்டையும் கையில் வாங்கினார். இலையை விரலால் நுனியிலிருந்து காம்புக்கு நீவச் சொன்னார். செண்டுடுக் இலை குறுகல், ஓரம் வழவழ, மேற்புறம் பூனை நாக்கு மாதிரி சொரசொரவென்று படிந்த முள்மயிர். கிளிடெமியா இலை அகலம், ஓரத்தில் பொடிப் பல், தண்டெல்லாம் நீட்டிக்கொண்டு நிற்கும் மெத்தென்ற முடி. ஒருமுறை நீவிப் பார்த்தால் கண்ணை மூடிக்கொண்டும் சொல்லலாம். 23ல் 14 கிளிடெமியா. மூன்று மாதம் அவற்றுக்குத்தான் வெள்ளைக் கயிறு கட்டிக் கொண்டாடியிருக்கிறேன். பழம் விழுவதற்குள் எல்லாம் பிடுங்கியாயிற்று.

மீதி 9. மார்ச்சில் பின் சந்தில் புல் வெட்ட வந்தவரின் மெஷின் நைலான் கயிறு வேலிக் கம்பிக்குள் புகுந்து 5 செடியை அடியோடு சீவிவிட்டது. அவரைக் குறை சொல்லி என்ன, அவர் பார்வையில் அது களைதான். நான் ஓர் அடையாளமும் வைக்கவில்லை. அதற்குப் பிறகுதான் 40 செங்கல் வாங்கி, ஒன்று 60 காசு, ஆக 24 வெள்ளி, வேலிக்கு உள்ளே ஓர் அடி தள்ளி வரிசையாகப் பதித்தேன். செங்கல் வரிசை இருந்தால் பார்க்கிறவருக்கு அது தோட்டம், இல்லாவிட்டால் புதர். பாம்பு பற்றிய பேச்சும் அதோடு நின்றது. முதல் நாளே செய்திருக்க வேண்டும். வெட்டுப்பட்டதில் இரண்டு அடிக்கட்டையிலிருந்து திரும்பத் துளிர்த்தது. ஆக இன்று 6 செடி.

இடையில் ஏப்ரலில் ஒரு நாள் மாமரம் முழுக்க வெள்ளையாக இருந்தது. மாம்பூ இல்லை, புறா ஆர்க்கிட். கிளைக் கவட்டையில் அது எத்தனை வருடமாக இருந்ததோ, வெறும் தண்டாகக் கிடந்ததால் நான் பார்த்ததே இல்லை. பலத்த மழையில் வெப்பம் சட்டென்று இறங்கினால் ஒன்பதாம் நாள் பூக்கும் செடி. நாட்குறிப்பைப் புரட்டிப் பார்த்தேன், ஒன்பது நாளுக்கு முன் மாலை மின்தடையோடு கொட்டிய மழையை எழுதி வைத்திருக்கிறேன். அன்று ஊரில் கண்ணில் பட்ட பழைய மரங்களில் எல்லாம் அதே வெள்ளை, அதே வாசனை. மறுநாள் ஒன்றும் இல்லை. இதற்கு நான் செய்தது மரத்தை வெட்டாமல் இருந்தது மட்டும்.

செண்டுடுக் மொட்டு வைத்தது ஜூலை கடைசியில். நாற்றிலிருந்து ஒன்பதரை மாதம். போன வியாழன் பூத்த அந்த முதல் பூவின் முன் முக்காலி போட்டு உட்கார்ந்தேன், வேலைக்கு அரை நாள் விடுப்பு. நடுவில் இரண்டு வகைக் கேசரம். ஐந்து மஞ்சள், குட்டை. ஐந்து ஊதா, நீளமாக அரிவாள் போல வளைந்தவை. மகரந்தம் வெளியே தூசாகக் கிடையாது, பையின் நுனியில் ஒரு துளை மட்டும். எட்டே முக்காலுக்குக் கட்டைவிரல் பருமனில் கருவண்டு ஒன்று வந்தது. பறந்து வரும்போது கனத்த ரீங்காரம். பூவைக் கட்டிப் பிடித்ததும் இறக்கை நின்றுவிட்டது, ஆனால் சத்தம் நிற்கவில்லை. சுதி ஏறி, கீச்சென்று ஒரு நொடி, இன்னொரு நொடி. உடம்பையே அதிரவிட்டுப் பூவை உலுக்குகிறது. துளையிலிருந்து மஞ்சள் தூள் பீச்சி அதன் வயிற்றில் படிந்தது. போய்விட்டது. மாலைக்குள் பூவும் வாடிவிட்டது. ஒரு நாள் பூ. மறுநாள் அடுத்த கிளையில் இரண்டு.

இந்த விதைகள் எங்கிருந்து வந்தன என்பதற்கு என் மனைவியிடம் நெடுநாளாகச் சாட்சி இருந்தது. மகனின் வெள்ளைப் பள்ளிச் சட்டையில் ஊதாக் கறை, எந்தச் சோப்புக்கும் போகாதது. வாரத்துக்கு ஒரு சட்டையாவது. சின்னான்களும் பூக்கொத்திகளும் எங்கோ செண்டுடுக் பழம் தின்றுவிட்டுத் துணிக்கம்பியில் வந்து உட்கார்ந்து எச்சமிடுகின்றன. கசகசாவைவிடச் சின்ன விதை, வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். குலைக்குக் கீழே விழுந்தது முளைக்கவில்லை, புல்லுக்குள் விழுந்ததும் முளைக்கவில்லை. கம்பிக்கு நேர் கீழே வெறும் செம்மண் கிடந்ததால் முளைத்தது. அந்த லோரி இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்திருந்தால் இந்தப் பதிவே இல்லை.

மறுபடி செய்தால் விதை, எரு, குச்சி, குலை எதுவும் வாங்க மாட்டேன். புல்லை எடுப்பது, செங்கல், சாத்தே குச்சி, ராஃபியா, ஆக 109 வெள்ளி 50 காசு. அதுவும் புல்லைப் பிப்ரவரியில் எடுக்க மாட்டேன். செப்டம்பர் கடைசியில், பெருமழைக்குச் சற்று முன்னால் எடுப்பேன். மொத்த நிலத்தையும் ஒரே தடவையில் சுரண்டாமல் 4 அடி 4 அடியாகப் போவேன், ஏனென்றால் 4 அடி நாற்றைப் பார்த்துப் பிரிக்கவே இரண்டு பேருக்கு ஒரு மாலை சரியாக இருக்கிறது. தெரிந்த செடி என்று நினைத்தாலும் அம்மாவிடம் ஒருமுறை காட்டிவிட்டுத்தான் கயிறு கட்டுவேன்.

மாமரப் பக்கம் 14 அடியில் இப்போது பாதி கானாவாழை, பாதி மறுபடி தலைகாட்டும் கௌ கிராஸ். அதில் அடுத்த 4 அடியை வரும் மாதம் சுரண்டுவதாக ஏற்பாடு. அதற்கு மேல் ஒரு கம்பி கட்ட வேண்டும், சனிக்கிழமை செய்யலாம் என்று வெள்ளிக்கிழமை இரவு சொல்லிக்கொண்டிருந்தேன். காலையில் எழுந்து வந்தால் துணி முழுக்க முன் வாசலில், மோட்டார் சைக்கிள் மேலும் கதவுக் கம்பி மேலும் காய்கிறது. பின்கட்டில் பழைய கம்பி காலியாக இருந்தது. அதன் முனையிலிருந்து மாமரத்துக்கு ராஃபியாவை மூன்று புரியாக முறுக்கி அம்மா இழுத்துக் கட்டியிருந்தார். அதில் ஏற்கெனவே ஒரு சின்னான் உட்கார்ந்திருந்தது.